தேதி போட்ட தியாகம்

பஞ்சநதம் ஒரு முடிவுக்கு வந்துட்டாரு.

அவரு முடிவுக்கு வந்தா ஊருக்கே தெரியும். மீசையை ரெண்டு தடவை நீவுவாரு, துண்டை உதறித் தோள்ல போடுவாரு, அப்புறம் அடுப்படிக்குப் போயி அனுமதி வாங்குவாரு.

"தர்மு, தாத்தாவுக்கு நினைவு மண்டபம் கட்டப் போறேன்."

தர்மாம்பாள் தோசையைத் திருப்பிப் போட்டா.

"எந்தத் தாத்தாவுக்கு?"

"எனக்கு எத்தனை தாத்தா?"

"ரெண்டு. எல்லாருக்கும் ரெண்டுதான்."

"அப்பாவைப் பெத்த தாத்தா! உத்திராபதி தாத்தா! கள்ளுக்கடை மறியல் பண்ணி, வெள்ளைக்காரன்கிட்ட ஆறு மாசம் ஜெயில்ல கிடந்த தியாகி!"

"ஓ, அவரா?" தர்மாம்பாள் தோசையை எடுத்துத் தட்டுல போட்டா. "எங்க கட்டப் போறீங்க?"

இந்த இடத்துலதான் பஞ்சநதம் தோசையைப் பாத்தபடியே பதில் சொன்னாரு.

"ரோட்டு முக்குல."

ரோட்டு முக்குல ஒரு குடிசை இருக்கு. மாரியப்பன், அவன் பொண்டாட்டி வள்ளியம்மை, ஒரு ஆடு, ரெண்டு முருங்கை. மூணு தலைமுறையா பஞ்சநதம் வீட்டு வயல்ல நாத்து நட்டு, களை எடுத்து, அறுத்துப் போடுற குடும்பம். கூலித் தொழிலாளி குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம்னு சட்டம் வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. மாரியப்பன் இப்பத்தான் துணிஞ்சு மனு போட்டிருந்தான். ஐப்பசி பத்தாம் தேதி அதிகாரி வந்து இடத்தைப் பாக்கறதா ஓலை வந்திருச்சு.

பத்து வருஷமா அந்த முக்கைப் பஞ்சநதம் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. போன தையில மணக்கரைக்கு பஸ் வந்துச்சு. திருக்காட்டுப்பள்ளி பஸ் நேரா அந்த முக்குல வந்து நின்னுச்சு. அன்னிக்கே தாத்தா மேல பாசம் பொங்கிருச்சு.

இதுல ஒரு விசேஷம் என்னன்னா, பஞ்சநதம் முற்போக்கு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வருதோ அந்தக் கட்சிக் கரை வேட்டிதான் கட்டுவாரு. ரெண்டு கரையும் பெட்டியில மடிப்புக் கலையாம இருக்கும். மேடை ஏறினா, "உழுதவனுக்கே நிலம், குடியிருக்கிறவனுக்கே மனை"ன்னு முழங்குவாரு. பக்கத்து ஊரு மேடையில.

"மண்டபம் மட்டுந்தானா?"ன்னா தர்மாம்பாள்.

"முன்னாடி வாசகசாலை. பின்னாடி... சின்னதா ஒரு உர டிப்போ."

"தியாகி பேருல யூரியாவா?"

"மக்கள் சேவைதானடி ரெண்டும்!"

"வள்ளி எங்க போவா?"

"ஆத்தங்கரையில புறம்போக்கு கிடக்குல்ல?"

"போன வருஷம் தண்ணி ஏறி ரெண்டு வாரம் வடியலையே, அந்த இடமா?"

"அப்புறம் வடிஞ்சிருச்சுல்ல?"

தர்மாம்பாள் அடுப்பை அணைச்சா. முந்தானையில கையைத் துடைச்சா. பொறுமையா சொன்னா. "இந்தாங்க, நல்லபடியா சொல்றேன். அந்த மனையில நமக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்துடுங்க. அவங்க இடம் அது."

"எங்க பரம்பரைச் சொத்து!"

"சரிங்க"ன்னா தர்மாம்பாள்.

தர்மாம்பாள் எதிர்த்துப் பேசினா பயப்பட வேண்டியதில்ல. பேசி முடிச்சு சோறு போட்டுடுவா. 'சரிங்க'ன்னு சொன்னாத்தான் பயப்படணும். பதினாறு வருஷக் குடித்தனத்துல பஞ்சநதம் கத்துக்காத ஒரே பாடம் இது. மத்த பாடமெல்லாம் கத்துக்கிட்டாரான்னு கேக்காதீங்க.

"ஆனா ஒண்ணு. தாத்தா ஜெயிலுக்குப் போனாருன்னு நீங்க சொன்னா ஆச்சா? அதிகாரி ஆதாரம் கேப்பாரு. பழைய பேப்பர்ல தேடுங்க. வாய்ச்சொல்லை வச்சு மண்டபம் கட்டுனா நாளைக்கு நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

பஞ்சநதத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்னு நினைச்சுக்கிட்டு இன்னொரு தோசை கேட்டாரு.

தஞ்சாவூர் கீழவாசல்ல ஜெய்னுலாபுதீன் பாய் பைண்டிங் கடை வச்சிருந்தாரு. அறுபது எழுபது வருஷத்துப் பத்திரிகையெல்லாம் வருஷம் வருஷமாத் தைச்சு, சீலிங் வரைக்கும் அடுக்கி வச்சிருப்பாரு. எடுத்துப் பாக்கலாம், காசு கிடையாது. ஆனா எடுக்கறவங்க தூசியைத் தட்டி, பூச்சி உதறி, திரும்ப அதே இடத்துல வைக்கணும். அந்த வகையில பாய் கடையை வருஷாவருஷம் சுத்தம் பண்ணிக் குடுத்தவங்க எல்லாம் பரம்பரை தேடி வந்தவங்கதான்.

"எந்த வருஷம் தம்பி?"

"தெரியாதுங்களே பாய்."

"மாசம்?"

"அதுவும்..."

"தாத்தா பேராவது தெரியுமா?"

அஞ்சு நாள் போனாரு. போகும்போது வெள்ளை வேட்டி, வரும்போது காவி வேட்டி. தும்மித் தும்மி மூக்கு மிளகாப்பழம் ஆயிருச்சு. வயல்ல சம்பா நடவு நடக்குது. நடவாளுக்கு யாரு கூலி பேசறது, யாரு கஞ்சி ஊத்தறதுன்னு ஒண்ணும் அவருக்குத் தெரியாது. தர்மாம்பாள் பாத்துக்கிட்டா. அதுக்கு முன்னாடியும் அவதான் பாத்துக்கிட்டாங்கறது வேற விஷயம்.

ஆறாம் நாள் தாத்தா அகப்பட்டாரு.

அட்டை போயி, பேரும் போயிட்ட ஒரு வாரப் பத்திரிகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொண்ணு, அக்டோபர் முதல் வாரம். பஞ்சநதம் அங்கேயே உக்காந்து நோட்டுல காப்பி எடுத்தாரு. பாய்க்கு ஒரு சலாம், எதிர்க்கடையில ரெண்டு டீ, நேரா பஸ். வீட்டு வாசல்ல கால் வைக்கும்போதே கத்திட்டாரு.

"தர்மு! தாத்தா கிடைச்சுட்டாரு!"

கூடத்துல சாய்வு நாற்காலியில அவரு அப்பா சிவசாமி ரேடியோவுல விவசாய நிகழ்ச்சி கேட்டுக்கிட்டு இருந்தாரு. போன மாசம் ஆவணியிலதான் அவருக்குத் திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணம் நடந்துச்சு. அதுக்கு முன்னாடியே நிலத்தையெல்லாம் மகன் பேருக்கு எழுதி வச்சுட்டு, வாயையும் ஏறக்குறைய மூடிக்கிட்டாரு. ஒரு நாளைக்கு ஏழெட்டு வார்த்தைதான். அதுல மூணு 'காப்பி'.

"படிங்க, கேப்போம்"ன்னு தர்மாம்பாள் முறத்தோட வந்து உக்காந்தா.

பஞ்சநதம் தொண்டையைச் செருமிக்கிட்டாரு.

"'தஞ்சை ஜில்லா மணக்கரை கிராமத்தில் கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்த உத்திராபதி என்பவருக்குச் சென்ற வாரம் ஆறு மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மாஜிஸ்திரேட் எவ்வளவோ கேட்டும் அவர், என் பெயர் உத்திராபதி என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை.' பாத்தியா! எவ்வளவு வீரம்!"

"நீங்க சொன்ன தாத்தா வாயைத் திறந்தா மூடமாட்டாருன்னுல்ல கேள்விப்பட்டிருக்கேன்?"

"வெள்ளைக்காரன் முன்னாடி பேசறது கேவலம்னு நினைச்சிருப்பாரு! இன்னொண்ணு கேளு. மறு வருஷம் ஏப்ரல். 'விடுதலையான உத்திராபதி, ரயிலடியில் வைத்திருந்த வரவேற்புக்கு நில்லாமல், தம் கிராமத்துக்கு நடந்தே சென்று, அன்று மாலையே உளுந்துக் களத்தில் வேலைக்கு இறங்கிவிட்டதாகத் தெரிகிறது.'"

தர்மாம்பாள் கையில முறம் நின்னுச்சு.

"யாரு? உங்க தாத்தாவா?"

"ஆமா!"

"நடந்தேவா?"

"ஆமாங்கறேன்!"

"களத்துல வேலைக்கா? சேறு படும்னு வரப்புலகூடச் செருப்புக் கழட்டாதவருன்னு..."

"ஜெயில் ஒரு மனுசனை மாத்தும் தர்மு."

"ஆளையே மாத்தியிருக்கு"ன்னு சொல்லிட்டு தர்மாம்பாள் அரிசியைப் புடைச்சா. சிவசாமி ரேடியோ சத்தத்தைக் கூட்டி வச்சாரு.

பஞ்சநதம் இதையெல்லாம் கவனிக்கிற நிலையில இல்ல. அவரு மனசுல ஏற்கனவே கல்வெட்டு செதுக்கியாச்சு.

"ஐநூறு நோட்டீஸ் அடிக்கிறேன். அதிகாரி வர்ற பத்தாம் தேதியே அடிக்கல் நாட்டு விழா. தியாகி பேருல கல்லு நின்னா எந்த அதிகாரி தொடுவான்?"

"நோட்டீஸ்ல என்ன போடப் போறீங்க?"

"சிறை சென்ற செம்மல், கள் எதிர்த்த..."

"தேதி?"

"எதுக்கு தேதி?"

"என்னங்க நீங்க! ஆறு நாள் தும்மித் தும்மிக் கண்டுபிடிச்ச தேதிங்க. தேதி இல்லாத தியாகத்தை எவன் நம்புவான்? தமிழ் மாசம் போடுங்க. ஊரு ஜனத்துக்கு அக்டோபர் நவம்பர் யாருக்குத் தெரியும்? துன்மதி வருஷம் புரட்டாசியிலேர்ந்து பங்குனி வரைக்கும்னு, நல்லா கொட்டை எழுத்துல."

துன்மதியும் புரட்டாசியும் எப்படி இவளுக்கு இவ்வளவு சட்டுன்னு வந்துச்சுன்னு பஞ்சநதம் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. "நீ படிச்சிருந்தா கலெக்டர் ஆயிருப்பேடி"ன்னு சொல்லிட்டு திருக்காட்டுப்பள்ளிக்கு சைக்கிளை மிதிச்சாரு. அங்க அப்பாவோட அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அடிச்ச அதே அச்சகம். அதே மஞ்சக் காகிதம். அதே பிள்ளையார் சுழி.

ஐப்பசி ஒம்பது, காலையில நோட்டீஸ் கட்டு வந்து இறங்குச்சு. பஞ்சநதம் பசை வாளியோட கிளம்பினாரு. தர்மாம்பாள் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினா.

"டீக்கடையில ஒட்ட மறந்துடாதீங்க. மாமா அறுபதாம் கல்யாணப் பத்திரிகை ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துலயே ஒரு நோட்டீஸ் இடம் காலியா இருக்கு."

அதே இடத்துல ஒட்டினாரு. ஒட்டிட்டு ரெண்டடி பின்னால வந்து பாத்தாரு. இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் தாத்தா. பரம்பரையே சுவத்துல நிக்குற மாதிரி இருந்துச்சு. நெஞ்சு நிமிந்து போச்சு.

அரை மணி நேரம் கழிச்சு, மத்த தெருவெல்லாம் ஒட்டிட்டு அதே டீக்கடைக்கு வந்தாரு. பெஞ்சுல ஆறு பேரு. ஆறு பேரும் விரலை மடக்கிக்கிட்டு இருந்தானுங்க. கூட்டுறவு சங்கத்து கிளார்க் தியாகராசன் சுண்டுவிரல்ல ஆரம்பிச்சு ரெண்டு கையையும் முடிச்சிட்டான்.

"அண்ணே, அப்பா பொறந்தது ஆவணிதானே?"

"ஆமா. அறுபதாம் கல்யாணம்னா அறுபது வருஷம் முன்னாடி அதே மாசம், அதே நட்சத்திரத்துல பொறந்தவருன்னுதானே அர்த்தம். நீதான் திருக்கடையூர் வந்து ரெண்டு தடவை பாயசம் வாங்கினியே!"

"வாங்கினேண்ணே, அதான் கேட்டேன்." தியாகராசன் டீயை ஊதினான். "தாத்தா நிஜமாவே பெரிய தியாகிண்ணே."

பெஞ்சுல இருந்த அஞ்சு பேருக்கும் ஒரே நேரத்துல இருமல் வந்துச்சு.

பஞ்சநதத்துக்கு ஒண்ணும் விளங்கல. குழாயடியைத் தாண்டும்போது பொம்பளைங்களும் விரலை மடக்கிக்கிட்டு நின்னாங்க. இவரைப் பாத்ததும் குடத்தைத் தூக்கினாங்க. ஒரு குடத்துலயும் தண்ணி இல்ல. ஊரு முழுக்க ஏதோ கணக்குப் பரீட்சை நடக்குற மாதிரி இருந்துச்சு. இவருக்கு மட்டும் கேள்வித்தாள் வரல.

வீட்டுக் கொல்லையில வள்ளியம்மை நின்னா. கண்ணு சிவந்திருந்துச்சு. நாளைக்கு குடிசையைப் பிரிக்கணும்னு பஞ்சநதம் நேத்தே ஆள் விட்டுச் சொல்லியிருந்தாரு.

"அம்மா, ஆட்டையும் முருங்கையையும் எங்கம்மா கொண்டுபோவேன்? ஆடு நடந்து வரும். மரம் வருமா?"

"நீ போ வள்ளி. கூரையில ஒரு கீத்துகூட உருவாத. சாயங்காலம் வரைக்கும் பொறு"ன்னா தர்மாம்பாள்.

"சாயங்காலம் என்னடி மாறப்போவுது?"ன்னு கேட்டபடி பஞ்சநதம் உள்ள வந்தாரு.

தர்மாம்பாள் கூடத்துல ரெண்டு மஞ்சக் காகிதத்தைப் பக்கத்துல பக்கத்துல விரிச்சா.

"இதைப் படிங்க."

"தந்தையாருக்கு துந்துபி வருஷம் ஆவணி பதினாலு, உத்திராட நட்சத்திரத்தில் அறுபதாம் கல்யாணம்... இதை நான்தானடி அடிச்சேன்!"

"இப்ப இதைப் படிங்க."

"துன்மதி வருஷம் புரட்டாசி முதல் பங்குனி வரை திருச்சி ஜெயிலில்... இதையும் நான்தானே அடிச்சேன்!"

"ரெண்டும் நீங்க அடிச்சதுதான். துன்மதிக்கு அடுத்த வருஷம் துந்துபி. தாத்தா புரட்டாசியில உள்ள போனாரு. பங்குனி கடைசியில வெளியில வந்தாரு. ஆவணி நடுவுல மாமா பொறந்தாரு. எண்ணுங்க."

பஞ்சநதம் விரலை மடக்கினாரு. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. ஒரு கை முடிஞ்சிருச்சு. அடுத்த கைக்கு வேலையே இல்ல.

திரும்ப முதல் விரல்லேர்ந்து எண்ணினாரு.

"அஞ்சு மாசத்துல..."

"அஞ்சு மாசத்துல வர்றது சம்பா நெல்லுங்க. பிள்ளை வராது."

"உள்ள போறதுக்கு முன்னாடி..."

"முன்னாடின்னா பன்னெண்டு மாசம் ஆவுது. மாமா என்ன யானையா?"

"ஜெயில்ல பாக்க விட்டிருப்பாங்க!"

"விட்டிருப்பாங்க. நடுவுல கம்பி இருந்திருக்கும்."

பஞ்சநதம் தூணைப் பிடிச்சுக்கிட்டாரு. டீக்கடை இருமலுக்கும் குழாயடி வெறுங்குடத்துக்கும் இப்பத்தான் அர்த்தம் புரிஞ்சுச்சு. ஐநூறு நோட்டீஸ். தமிழ் மாசம். கொட்டை எழுத்து.

"ஒண்ணு, தாத்தா ஜெயிலுக்குப் போகல. அப்படின்னா மண்டபம் கிடையாது. இல்ல, தாத்தா ஜெயிலுக்குப் போனாரு. அப்படின்னா..." தர்மாம்பாள் கையைக் கூப்பினா. "உங்க பாட்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனா நீங்க யாருன்னு மட்டும் கொஞ்சம் சொல்லுங்க. பரம்பரைச் சொத்துன்னீங்களே, எந்தப் பரம்பரை?"

ரேடியோ நின்னுச்சு.

சாய்வு நாற்காலி கிறீச்சுன்னுச்சு. சிவசாமி எழுந்து வந்தாரு. ரெண்டு காகிதத்தையும் எடுத்துக் கண்ணாடிக்கிட்ட வச்சுப் பாத்தாரு. மகனைப் பாத்தாரு.

"ஏண்டா, எனக்கு அறுபதாவது வயசுலயா அப்பனை இல்லாம பண்ணுவ?"

அன்னிக்கு வார்த்தைக் கோட்டா அதோட முடிஞ்சு போச்சு. ஒரு காப்பி பாக்கி இல்ல.

"அப்பா, சத்தியமா எனக்கு... தர்மு! பேப்பர்ல போட்டிருக்கேடி! அச்சுல வந்திருக்கே!"

"அச்சுல பேருதானே வந்திருக்கு? ஆளு வரலியே."

தர்மாம்பாள் உள்ள போனா. பத்தாயத்துக்கு மேல, பரண்ல மாட்டியிருந்த பழைய கடுதாசிக் கம்பியைக் கொண்டாந்தா. வந்த கார்டையெல்லாம் அதுலதான் குத்தி வைப்பாங்க. மேல இருந்து புதுசு, கீழ போகப் போகப் பழசு. தூசியே இல்ல. ரொம்ப நாளா யாரோ தொடச்சு வச்சிருக்காங்க. அடியிலேர்ந்து நாலாவது கார்டை உருவினா. பழுப்பு நிறம், நடுவுல கம்பி ஓட்டை. பட்டுக்கோட்டை தபால் முத்திரை.

"உங்க பாட்டி எந்த ஊரு?"

"பட்டுக்கோட்டை. உங்க வீட்டுப் பொண்ணுதான். அதனாலதானே மறுபடி அங்கேயே பொண்ணெடுத்தோம்."

"இப்ப படிங்க. நான் படிச்சா நடிச்சுப் படிக்கிறேன்னு சொல்வீங்க."

பஞ்சநதம் படிச்சாரு. தாத்தா கையெழுத்து, இங்க வீட்டுல இருந்த தம்பிக்கு எழுதினது. துன்மதி வருஷம், கார்த்திகை மாசம்.

"'சிரஞ்சீவி தம்பிக்கு அண்ணன் உத்திராபதி ஆசீர்வாதம். இவ்விடம் மாமனார் வீட்டில் நானும் உன் அண்ணியும் சௌக்கியம். போலீசுக்குப் பயந்து பகலில் பரணிலும் இருட்டியபின் தென்னந்தோப்பிலுமாக இருக்கிறேன். நம் காத்தான் என் பெயரைச் சொல்லிக்கொண்டு எனக்குப் பதிலாகத் திருச்சி ஜெயிலில் இருப்பது வெளியே தெரிய வேண்டாம். அவன் வந்ததும் ரஸ்தா முக்கு மனையை அவனுக்கும் அவன் சந்ததிக்கும் விட்டுவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறேன். மறக்காதே. கவர் வாங்கினால் வீண் செலவு என்று கார்டில் எழுதியிருக்கிறேன். இதை யாரும் படிக்காமல் பார்த்துக்கொள்.'"

திறந்த கார்டு. வழியில எத்தனை தபால்காரன் படிச்சானோ.

காத்தான், மாரியப்பனோட தாத்தா. சத்தம் போட்டது ஒருத்தரு, சங்கிலியில போனது இன்னொருத்தரு. வாயைத் திறந்தா குட்டு உடைஞ்சிரும்னுதான் மாஜிஸ்திரேட் முன்னாடி பேரைத் தவிர ஒண்ணும் பேசல. ரயிலடி மாலைக்கு நிக்காம நடந்தே வந்து உளுந்துக் களத்துல இறங்கினதும் அவருதான். வேற எப்படி இறங்குவாரு, அன்னிக்குக் கூலி போயிருமே. அறுபது வருஷத்துல பொய்க்கும் தலை நரைச்சு, மரியாதை வந்து, பேரனுக்கு நோட்டீஸ் அடிக்கிற தைரியம் வந்துருச்சு.

"உனக்கு இது எப்பத் தெரியும்?" பஞ்சநதம் கேட்டாரு.

"கல்யாணத்துக்கு முன்னாடியே. எங்க வீட்டுல புளி வைக்கிற பரணுக்கு 'மணக்கரை மாப்பிள்ளை பரண்'னுதான் பேரு. ஆறு மாசத்துல முன்னூறு தேங்காய் தின்னாருன்னு இன்னும் சொல்லுவாங்க."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேடி!"

"சொன்னேனே. அது அவங்க இடம்னு தோசை சுடும்போதே சொன்னேன். நீங்க பரம்பரைன்னீங்க. சரி, பரம்பரையைத் தேடிட்டு வரட்டும்னு விட்டேன்."

பஞ்சநதம் கார்டை ஒரு மாதிரி பாத்தாரு. சின்னக் காகிதம்தான். அடுப்பும் பக்கத்துலதான்.

"போடுங்க, நல்லா எரியும்"ன்னா தர்மாம்பாள் அமைதியா. "ஆனா பாட்டி பேரைக் காப்பாத்துற காகிதம் உலகத்துலயே அது ஒண்ணுதான். அவங்க எங்க வீட்டுப் பொண்ணு. குழாயடியில எவளும் அவங்களுக்காக விரல் மடக்கறதை நான் விடமாட்டேன். நாளைக்கு அத்தனை பேரு முன்னாடி நீங்களே இதைப் படிக்கணும். படிச்சா கார்த்திகையிலேர்ந்து ஆவணிக்குப் பத்து மாசம் சரியா வரும், பாட்டி பேரு நிக்கும். மாமாவுக்கு அப்பா கிடைப்பாரு. மாரியப்பனுக்கு மனை கிடைக்கும்."

"எனக்கு?"

"தாத்தா கிடைப்பாரு. பரண்ல."

மடிச்ச ஒரு தாளை நீட்டினா. 'மேற்படி மனையில் எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை'ன்னு முத்து முத்தா அவ கையெழுத்துல எழுதியிருந்துச்சு. தேதி பாத்தாரு. அவரு பாய் கடையில முதல் தூசி தட்டின அன்னிக்கே எழுதியிருக்கா.

"கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கேன்."

பஞ்சநதம் அப்பாவைப் பாத்தாரு. சிவசாமி நாளைக்கு வச்சிருந்த வார்த்தையில கொஞ்சம் கடன் எடுத்தாரு.

"போடுடா."

மறுநாள் ரோட்டு முக்குல கூட்டம் எக்கச்சக்கம். அடிக்கல்லுக்கு வந்ததைவிட விடை தெரிஞ்சுக்க வந்தவங்க அதிகம். அதிகாரி வந்தாரு. பஞ்சநதம் கார்டைப் படிச்சாரு. 'பரணிலும்' வரும்போது ஒரு சிரிப்பு, 'கவர் வாங்கினால்' வரும்போது இன்னொரு சிரிப்பு. குழாயடிக் கூட்டம் மடக்கின விரலைப் பிரிச்சுச்சு. தியாகராசன் கத்தினான். "அண்ணே, நீங்க தாத்தா மாதிரியேதாண்ணே இருக்கீங்க!"

மாரியப்பன் மட்டும் சிரிக்கல. கார்டை வாங்கி, எழுத்துக் கூட்டி, காத்தான்கிற இடத்துல விரலை வச்சு நின்னான்.

"ஒரு வார்த்தை சொல்லாமலே செத்துப் போயிருச்சே எங்க தாத்தா"ன்னான். அப்புறம் பஞ்சநதத்தை நேராப் பாத்தான். "உங்க தாத்தா சத்தியம் பண்ணினது எங்களுக்குத் தெரியாது. உங்க வீட்டுக் கம்பிக்குத் தெரியும். அறுபது வருஷம்."

அதுக்கு யாரும் இருமல. பஞ்சநதம் தரையைப் பாத்தாரு. முதல் தடவையா அந்த முக்குல மண்ணை மட்டும் பாத்தாரு, பஸ்ஸைப் பாக்கல.

தர்மாம்பாள் சொன்னா. "கார்டை நீயே வச்சுக்க மாரியப்பா. அடிக்கல் நட வாங்கின கல்லு சும்மாதான் கிடக்கு. பேரை மட்டும் மாத்திக்கிட்டா போதும்."

அதிகாரி தாளை வாங்கி, படிச்சு, பையில வச்சாரு. வள்ளியம்மை முருங்கை மரத்தைத் தட்டிக் குடுத்தா.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சநதத்துக்கு ரோசம் வந்துச்சு. வீட்டுக்கு வந்த பின்னாடிதான் அவருக்கு எப்பவும் வரும். வேட்டி ரெண்டு, ரெண்டு கரையும், பையில திணிச்சாரு.

"இனிமே இந்த ஊருல நான் தலைகாட்ட முடியுமா? டீக்கடையில உக்கார முடியுமா? கிளம்பறேன்! ஒரு ஆறு மாசம் எவன் கண்ணுலயும் படாம எங்கயாவது போயி இருந்துட்டு வரேன்!"

தர்மாம்பாள் தோசையைத் திருப்பிப் போட்டா.

"தாராளமா போங்க. பரண்லேர்ந்து புளிப்பானையை இறக்கி வைக்கச் சொல்லி எங்கப்பாவுக்கு நேத்தே கார்டு போட்டுட்டேன்."